இரண்டாவது பேட்டரி

செப்டம்பர் 16, திங்கள்

இன்று வண்டியின் பானெட்டைத் திறந்தேன். உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டி மேல் தென்னை நாரும் பஞ்சும் வைத்து மெத்தையே போட்டிருந்தது. வண்டி போர்டிகோவை விட்டு நகர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. எலி வரி ரசீது காட்டி வீடு என்னுடையது என்று சொல்லாமல் விட்டதே பெரிது.

வண்டி என் வீட்டுக்காரருடையது. நான்கு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டி. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கினார். கூடாரம், மடக்கு நாற்காலி எல்லாம் கூடவே வந்தன. ஆற்றங்கரை, அணைக்கட்டு என்று போய் ஓர் இரவு தங்கிவிட்டு வரவேண்டும் என்பது ஆசை. போனது இரண்டே தடவை, இரண்டு தடவையும் தனியாக. நான் அப்போது மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். மழைக்காலத்தில் எங்களுக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. நான் ஓய்வு பெற்று வருவதற்குள் அவருடைய நுரையீரல் சுருங்க ஆரம்பித்துவிட்டது. இப்போது மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மெஷின், மெஷினின் மறுமுனையில் சுவர் பிளக். பிளக் எட்டுகிற தூரம்தான் அவர் நடமாட்டம்.

போன வாரம் டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். முதலாவதை அவரையும் வைத்துக்கொண்டு சொன்னார். மலை ஏறக்கூடாது, சமவெளியில் எங்காவது ஒரு நாள் போய்வரலாம், போவதென்றால் தீபாவளிக்குள் போய்விடுங்கள். இரண்டாவதை என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அதை இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை.

அதனால் வண்டிக்கு இரண்டாவது பேட்டரி வைக்கப்போகிறேன்.

செப்டம்பர் 18, புதன்

அவரிடம் சொன்னேன். சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது, இருமினால் சிரிப்பு நிற்கிறது.

"உனக்குத்தான் கேம்ப்புன்னா ஆகாதே அம்மணி. கொசுக்கடிக்கு நான் வரமாட்டேன்னு சொன்னவளல்லோ நீ."

"கொசுவத்தி வெச்சுக்கலாமுங்க."

"மூக்குல ஆக்சிஜன வெச்சுட்டு கொசுவத்தியா. நெம்ப நல்லாருக்கும்."

கொழுமத்தில் அமராவதிக் கரையில் என் சித்தப்பா மகனுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே ஓர் இரவு. தோப்பில் மோட்டார் ரூம் இருக்கிறது, கரண்டு எடுத்துக்கொள்ளலாமே என்றார். தோட்டத்துக்கு எப்போது மூன்று ஃபேஸ் வரும், எப்போது போகும் என்று எனக்கா தெரியாது. அந்த அட்டவணையைப் போட்டு விவசாயிகளிடம் திட்டு வாங்கியவளே நான்தான்.

திட்டம் எளிது. வண்டியில் இருக்கிற பேட்டரி எஞ்சினைக் கிளப்புவதற்கு, செத்துக்கிடந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாயிற்று. அதை வேறு எதற்கும் தொடக்கூடாது. பின் சீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு லித்தியம் பேட்டரி. வண்டி ஓடும்போது நடுவில் ஒரு சார்ஜர் பெட்டி அதற்கும் கொஞ்சம் அனுப்பிக்கொண்டிருக்கும், எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரித்துவிடும். வாடகைக்குக் கிடைக்கிற சின்ன ஆக்சிஜன் மெஷின் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும். அது இரவெல்லாம் உறிஞ்சி இரண்டாவதைக் காலி செய்தாலும் முதலாவதுக்கு ஒன்றும் ஆகாது. விடிந்ததும் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும்.

இதை அவருக்கு ஒரு காகிதத்தில் வரைந்து காட்டலாம் என்று நினைத்தேன். பிறகு போர்டிகோவுக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

எலிக்கூட்டை எடுத்துப் போட்டேன். பாவமாக இருந்தது.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி முதல் சனி. தளிகை போடவில்லை. சாதம், பருப்பு, ஒரு கும்பிடு.

பேட்டரி உட்காரத் தட்டு வேண்டும். சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் மருதாசலத்தின் பட்டறைக்கு அளவு கொண்டு போனேன். மருதாசலம் மில்லில் அவருக்குக் கீழே ஃபிட்டராக இருந்தவர். வண்டி குழியில் இறங்கினால் பேட்டரி துள்ளும், நான்கு மூலையிலும் போல்ட் வேண்டும், மேலே ஒரு பட்டை வேண்டும் என்றேன்.

"போட்டுரலாமுங்க. சார் எப்படி இருக்காருங்?"

"இருக்கார்."

"வந்து பாக்கோணும்னு நெனக்கறேன். நெனச்சுட்டே இருக்கேன்."

எல்லோரும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதல் வருஷம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்தார்கள். இப்போது போனில் கேட்கிறார்கள், அதுவும் என்னிடம். அவரோடு பேசச் சொன்னால், ரெஸ்ட் எடுக்கட்டும் என்கிறார்கள். அவருக்கு ரெஸ்ட்டைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது.

செப்டம்பர் 25, புதன்

எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வயர் கொண்டுவர இரும்புத் தகட்டில் ஓட்டை போடவேண்டும் என்று பயந்துகொண்டிருந்தேன். பார்த்தால் கம்பெனிக்காரனே ஓர் ஓட்டை விட்டு ரப்பர் மூடி போட்டிருக்கிறான். அதைக் குத்தி, வயரை உள்ளே விட்டு, கதவு ஓரமாகக் கொண்டுபோய்ப் பின்னால் சேர்த்தேன். கீழே மண்டியிட்டுக் கார்ப்பெட்டுக்கு அடியில் கை விட்டு இழுக்கிற வேலை. முட்டி இரண்டும் போய்விட்டது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகு ஸ்டியரிங்கில் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், சுவிட்சைப் போடாதே' போர்டை மாட்டினேன். ஓய்வு பெறும்போது ஆபீஸில் மாலையும் கைக்கடிகாரமும் கொடுத்தார்கள், இதை நானே எடுத்துக்கொண்டு வந்தேன். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற ஜெசிந்தா பார்த்துவிட்டு, "ஆட்கள் யாருங்க மேடம், நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க" என்றாள்.

மத்தியானம் வேலையில் இருக்கும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் ஏதோ சொல்கிறார், ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மில்லில் நைட் ஷிஃப்டில் பேய் வந்த கதையாக இருக்கும். அந்தக் கதை எனக்குத் தெரியும். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டேன். முடிவில் பேய் வருகிற இடத்தை மாற்றியிருக்கிறார், இப்போது கேன்டீனில் வருகிறது.

அவருக்குப் பேச ஆள் இருப்பது நல்லதுதான். அதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறோம்.

செப்டம்பர் 28, சனி

இன்றைக்கு நடந்ததை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

எல்லாவற்றையும் இணைத்து எஞ்சினைக் கிளப்பினேன். சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, சிவப்பானது, திரும்பப் பச்சையானது, திரும்பச் சிவப்பு. கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்து ஒரு வாசனை. எனக்குத் தெரிந்த வாசனை. தொட்டுப் பார்த்தால் வயர் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது. ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினேன்.

மாடியில் வீட்டு ஒயரிங் செய்தபோது மீந்த சுருள் கிடந்தது, அதையே போட்டிருந்தேன். பதினோராயிரம் வோல்ட் லைனுக்கு அடியிலேயே நின்று பழகியவளுக்குப் பன்னிரண்டு வோல்ட் என்றால் விளையாட்டுச் சாமான். தொட்டாலும் ஷாக் அடிக்காது, இதற்கு என்ன பெரிய வயர் என்ற திமிர். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் ஏறும், ஆம்பியர் ஏறினால் வயர் தடிமனாக வேண்டும். டிப்ளமோ முதல் வருஷப் பையன் சொல்லுவான். வாரியத்து ஆளைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள்.

குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு அவர் இந்த வண்டியில் தூங்கியிருப்பார். ஆக்சிஜன் ஓடுகிற வண்டியில் வயர் பற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். உட்கார்ந்தபடியே மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டேன்.

உள்ளேயிருந்து மணி அடித்தார். தலைமாட்டில் ஒரு காலிங் பெல் வைத்திருக்கிறேன், கூப்பிட மூச்சு வீணாகக்கூடாது என்று. நான் போகவில்லை. ஜெசிந்தாதான் பக்கத்தில் இருக்கிறாளே.

அக்டோபர் 1, செவ்வாய்

விரல் தடிமனில் வயர் வாங்கினேன். கார்ப்பெட்டுக்கு அடியில் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. முதல் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், இரண்டாவதுக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ். சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகுதான் எர்த்தை முடுக்கினேன். இந்தத் தடவை திமிர் இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

சார்ஜர் பெட்டியில் பச்சை. வயர் சூடாகவில்லை. பன்னிரண்டு வோல்ட் சாக்கெட்டில் ஒரு பல்பை மாட்டிச் சாயங்காலம் வரை எரியவிட்டேன். எரிந்தது. வேலை முடிந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

பின் கதவுக்குள் படிக்கிற லைட் ஒன்று மாட்டினேன். அவருக்குப் படிக்கிற பழக்கம் இல்லை. இருந்தாலும் இருக்கட்டும்.

அக்டோபர் 7, திங்கள்

ஒரு சின்ன ஃபேன். வோல்ட் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற சிவப்பு எண் மீட்டர், டேஷ்போர்டில். காலடியில் ஒரு லைட், கூரையில் ஒரு லைட், டிக்கியில் ஒரு லைட்.

"இன்னும் முடியலீங்களா மேடம்?" என்றாள் ஜெசிந்தா.

"வண்டி வேலை லேசுன்னு நெனச்சியா."

"இல்லீங், சார் கேக்கச் சொன்னாரு."

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு ஆயுத பூஜை. இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆக்சிஜன் மெஷின் ஓடுகிற வீட்டில் கற்பூரம் கூடாது, ஊதுபத்தி கூடாது, விளக்குக்கூட வாசலுக்கு வெளியேதான். தீ இல்லாமல் என்ன பூஜை.

அவர் விடவில்லை. "தீ இல்லாட்டிப் போகுது, சந்தனம் இருக்குதல்லோ. மில்லுல முப்பத்தாறு வருசம் ஒரு ஸ்பேனர் விடாமப் பொட்டு வெச்சவன் நான். உன்ற சாமானமெல்லாம் இங்க எடுத்துட்டு வா."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, துண்டு விரித்து, எல்லாவற்றையும் அடுக்கினேன். ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், வயர் முனையை நசுக்கிப் பிடிக்கிற கிரிம்பர், மல்டிமீட்டர், என்னுடைய பழைய டெஸ்டர். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ட்ரில்லு எங்க?"

"அது பெருசுங்க. ஸ்டூல்ல நிக்காது."

"கீழ வெய்யி. ஒண்ணு விடக்கூடாது. நாளைக்கு அந்தியில பூஜை போட்டு, மறுநாள் பூஜை எடுக்கற வரைக்கும் ஒண்ணையும் தொடக்கூடாதுன்னு தெரியுமல்லோ."

தெரியாமல் என்ன. ஆபீஸில் ஆயுத பூஜையன்று ஃபியூஸ் போனால் ஒரு டெஸ்டரை மட்டும் பூஜைக்கு வைக்காமல் ஒளித்து வைத்திருப்போம், ஊர் இருட்டில் கிடக்கக்கூடாதே. அதை அவரிடம் சொல்லவில்லை. இன்று அப்படி ஒன்றை எடுத்துப் புடவையில் செருகியிருக்கிறேன், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர்.

அக்டோபர் 11, வெள்ளி

ஜெசிந்தாவுக்கு விடுமுறை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

அந்தியில் பூஜை என்றவர் காலையிலேயே சந்தனத்தைக் கரைக்கச் சொல்லிவிட்டார். சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவரே ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். மூன்று ஸ்பேனருக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் செய்கிறேன் என்றால் கையைத் தட்டிவிடுகிறார். கடைசியில் என் இடுப்பைக் காட்டி, "அதையும் வெய்யி" என்றார். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, சுண்டல் படைத்தோம். கற்பூரம் காட்டும் இடத்தில் இருவரும் சும்மா கும்பிட்டுக்கொண்டோம்.

வண்டிக்கு மாலை போடுகிற சாக்கில் போர்டிகோவுக்குப் போனேன். மாலை போட்ட பிறகு கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். ஃபேன் தாங்கியின் நட்டு கொஞ்சம் லூஸாக இருந்தது. கையாலேயே முடுக்கினேன். கை ஆயுதம் இல்லையே. மணி அடித்தது. உள்ளே போய், கையாலதானுங்க முடுக்கினேன் என்றேன்.

"கையும் ஆயுதந்தான். வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மீட்டரில் எண்பத்தொன்பது காட்டியது. எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது.

"அதப் பாக்காத. என்னப் பாரு."

பார்த்தேன். கன்னம் ஒட்டிவிட்டது. குழாய் அழுத்தி அழுத்திக் காதுக்கு மேல் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"மருதாசலத்துக்குப் போன் போட்டேன்" என்றார். "வண்டி வேலை போன வாரமே முடிஞ்சிருக்குமேன்னான். அப்பறம் அங்க என்ன பண்ணிட்டிருக்கற?"

"ஃபேன் மாட்டறனுங்க. லைட்டு."

"எத்தன லைட்டு அம்மணி. கல்யாண மண்டபமா அது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"நீ அங்க உக்காந்திருக்கற. நான் இங்க உக்காந்திருக்கறேன். நடுவுல செவுரு. கொழுமம் போயும் இப்படித்தான் இருக்கப் போறமா? நீ வண்டியப் பாத்துட்டு, நான் ஆத்தப் பாத்துட்டு?" மூச்சு வாங்க நிறுத்தினார். நான் தண்ணீரை நீட்டினேன், வேண்டாம் என்றார். "டாக்டர் வெளிய கூப்புட்டுச் சொன்னாரே. அது எனக்கும் தெரியும். மூச்சு என்னோடது. எனக்குத் தெரியாதா?"

சுண்டலுக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன். வேறு எங்கே போவது. ஸ்பேனர் எல்லாம் அவர் பக்கத்தில் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருக்கின்றன.

பிறகு அவர் அதைப் பேசவில்லை. கால் நகம் வளர்ந்திருக்கிறது என்றார். நகவெட்டி ஆயுதமா இல்லையா என்று ஒரு விவாதம் நடந்தது. ஆயுதம்தான், ஆனால் பூஜையில் வைக்காததால் எடுக்கலாம் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். அவர் காலை மடியில் வைத்து நகம் வெட்டினேன். பாதம் வீங்கியிருந்தது. வெட்டி முடித்த பிறகும் காலை மடியிலிருந்து எடுக்கவில்லை. பேசிக்கொண்டே தூங்கிப்போனார்.

இவ்வளவு நீளமான பகலை நான் பார்த்ததில்லை. பிடித்திருந்தது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. மறுபூஜை முடித்துச் சாமான்களை எல்லாம் துடைத்துப் பெட்டிக்குள் போட்டேன். பெட்டியை மாடியில் வைத்துவிட்டேன். இருந்தாலும் காலையில் இரண்டு தடவை போர்டிகோவுக்குப் போய்வந்தேன், பழக்கம்.

அக்டோபர் 15, செவ்வாய்

வாடகை மெஷின் வந்துவிட்டது. தோளில் மாட்டுகிற பை அளவு. சூலூர் வரை ஓட்டிக்கொண்டு போய் இரண்டாவது பேட்டரியை நிறையச் சார்ஜ் ஏற்றினேன். பிறகு மெஷினை வண்டி சாக்கெட்டில் மாட்டிப் பார்த்தேன். மாலை வரை ஒரே சீராக ஓடியது, மீட்டரில் சிவப்பு எண் அசையவே இல்லை. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

சனிக்கிழமை கிளம்புகிறோம். ஜெசிந்தாவும் வருகிறேன் என்றாள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். "நாங்க ரெண்டு பேருந்தான்" என்றார். நான் அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். சித்தப்பா மகன் தோப்பில் புல் வெட்டி வைத்திருக்கிறானாம்.

அவர் எந்தச் சட்டை போடுவது என்று கேட்டார். எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறார்.

அக்டோபர் 17, வியாழன்

ராத்திரியிலிருந்து காய்ச்சல். ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். சளி கட்டியிருக்கிறதாம்.

அக்டோபர் 19, சனி

ஆஸ்பத்திரி வராந்தா. இன்றைக்குக் கொழுமத்தில் இருந்திருப்போம்.

அக்டோபர் 21, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். வெளியூர்ப் பேச்சே வேண்டாம், இனி வீட்டைத் தாண்டவேண்டாம் என்றார் டாக்டர். இந்தத் தடவை வெளியே கூப்பிடவில்லை, அவர் முன்னாலேயே சொன்னார். அவர் தலையாட்டினார். காரில் வரும்போது, "பேட்டரி வீணாப்போச்சே" என்றார், என்னவோ என் சாமான் தொலைந்துபோன மாதிரி எனக்கு ஆறுதலாக.

வாடகை மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் போன் செய்தேன். வியாழக்கிழமை வருகிறார்களாம்.

அக்டோபர் 22, செவ்வாய்

எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

நேற்று நடந்ததை எழுதவேண்டும்.

மத்தியானத்திலிருந்தே வானம் கறுத்துக்கிடந்தது. பஸ் நின்றுவிடும் என்று ஜெசிந்தாவை நான்கு மணிக்கே அனுப்பிவிட்டேன். ஐந்து மணிக்குக் காற்றோடு மழை பிடித்தது. எங்கோ ஒரு வெடிச்சத்தம், உடனே கரண்டு போனது. லைனை நிறுத்துகிற ஏபி சுவிட்ச் விழுந்த சத்தமில்லை அது, மரம் விழுந்து கம்பி அறுந்த சத்தம். காது இன்னும் ஓய்வு பெறவில்லை.

மின்வாரிய செக்ஷன் ஆபீஸுக்குப் போன் செய்தேன். புதிதாக வந்திருக்கிற உதவிப் பொறியாளர் எடுத்தார். "தூங்குமூஞ்சி மரம் ஒண்ணு ஹெச்டி லைன்ல சாஞ்சிருச்சுங்க மேடம். போஸ்டும் ஒடஞ்சிருச்சு. எப்படியும் மூணு மணி நேரமாவுமுங்க." நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இரண்டு என்று சொல்லி மூன்றில் முடித்திருப்பேன். பத்திரமாக வேலை செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

பெரிய மெஷின் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டருக்கு அது தாங்காது. ஒரு மணி நேரம் போனதும் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. வாடகை மெஷின் நல்லவேளையாக இன்னும் வீட்டில்தான் இருந்தது, அதைக் கொண்டுவந்து குழாயை மாற்றினேன். அதன் சொந்த பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்று நம்பிக்கை இல்லை. வண்டி சாக்கெட்டிலிருந்து ஜன்னல் வழியாக வயர் இழுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே டார்ச்சைத் தேடினேன்.

"எதுக்கு வயர் இழுக்கற" என்றார் இருட்டிலிருந்து. "நாம போலாம் வண்டிக்கு."

"வீட்டத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்க."

"போர்டிகோவும் வீடுதான். கதவு நம்பர் ஒண்ணுதான."

என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஹால் நடுவில் ஒரு தடவை நின்றார், வாசற்படியில் ஒரு தடவை நின்றார். முன் சீட்டைச் சாய்த்து உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, மெஷினைச் சாக்கெட்டில் மாட்டினேன். பச்சை எரிந்தது. ஃபேனைப் போட்டேன். லைட்டுகளை எல்லாம் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்துவிட்டு, "கல்யாண மண்டபந்தான்" என்றார். கூரை லைட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்தேன். பிளாஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

மழை போர்டிகோ ஷீட்டில் கொட்டியது. அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு எங்க அம்மணி?"

"கேட்டுக்கு வெளிய ஓடுதுங்க." ரோட்டில் முழங்கால் தண்ணீர் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய செருப்போ ஒன்று போனது.

"தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்குது."

"மேல மழைங்க."

காப்பியை இரண்டு வாய் குடித்தார். என் போன் அடித்தது. மூன்றாவது வீட்டுக்காரர், கரண்டு எப்ப வருமுங்க மேடம் என்று கேட்பார். நான் ஓய்வு பெற்றது இந்தத் தெருவுக்கு இன்னும் தெரியவில்லை. போனை அணைத்துப் பின் சீட்டில் போட்டேன். அவர் அதைப் பார்த்தார்.

நான் மீட்டரைப் பார்த்தேன். பதின்மூன்று புள்ளி இரண்டு. கொஞ்சம் கழித்து மறுபடி பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து டேஷ்போர்டின் மேல் போட்டு அந்தச் சிவப்பு எண்ணை மூடிவிட்டார்.

அப்புறம் எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. மழைச் சத்தம் இருந்தது, மெஷின் அவர் மூச்சுக்கு ஒரு தடவை புஸ்ஸென்று விடுகிற சத்தம் இருந்தது. அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண முடியாமல் போனபோது சொன்னேன்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எனக்குந்தான்" என்றார்.

கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். விரல் சில்லென்று இருந்தது. அழுதேன். அவர் அழவேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு அவருக்கு மூச்சு இல்லையோ, மனசு இல்லையோ. கொஞ்ச நேரம் கழித்து அந்த மில் பேய்க் கதையைச் சொன்னார், மூச்சு வாங்கி வாங்கி. கேன்டீனில் வருகிற பேயைத்தான் சொன்னார். நான் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டேன். நடுவில் மறந்துவிட்டு ஒரு இடத்தில் நிஜமாகவே சிரித்தேன்.

மழை விட்டது. எதிர் வீட்டு மாடியில் திடீரென்று விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. பின்னால் எங்கள் ஹால் ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்து அவர் மடியில் விழுந்தது. அந்தப் புது உதவிப் பொறியாளர் கெட்டிக்காரர், சொன்னதற்கு அரை மணி முன்னாலேயே கொடுத்துவிட்டார். பக்கத்தில் இவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"கரண்டு வந்துருச்சா அம்மணி?"

சர்வீஸ் முழுக்க இந்தக் கேள்விக்கு, இதோ வந்துரும் என்றுதான் பதில் சொல்லியிருக்கிறேன், வராத கரண்டுக்கெல்லாம்.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.

கண்ணைத் திறந்தார். மடியில் விழுந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மெதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.